பசிக்குப் பதில் குண்டா?

எங்கோ ஓர் எல்லையோர மலையில் துப்பாக்கி வெடித்தது என்று செய்தி வந்தால் போதும். சாய்வு நாற்காலியில் அமர்ந்து ஏடு புரட்டும் பெரியவர்கள் சிலர் சட்டென நீதிபதிகளாகி விடுகிறார்கள். "ஒரே அடியாக அடித்து நொறுக்கவேண்டும், அப்போதுதான் அடங்குவார்கள்" என்று தீர்ப்பும் வழங்கிவிடுகிறார்கள். அடிபடப்போவது யார், எதற்காக அவர்கள் ஆயுதம் எடுத்தனர், அடித்தால் அடங்குவார்களா என்ற கேள்விகள் அவர்தம் நாற்காலியை நெருங்குவதில்லை.

அடித்து நொறுக்கிப் பார்த்த இடம் ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. தன் நாட்டு நகரத்தின்மீது தன் விமானங்களைக் கொண்டே டில்லி குண்டு வீசிய இடம் அது. அடங்கினார்களா? இருபது ஆண்டு அடங்கவில்லை. பிறகு எதனால் அமைதி வந்தது? அந்த வரலாற்றைத்தான் இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். ஏனெனில் அந்தப் பாடத்தைப் படிக்க மறுப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

அந்த இடம் மிசோரம். அன்று அதற்குத் தனி மாநிலம் என்ற தகுதியில்லை. அசாமின் ஆளுகைக்கு உட்பட்ட மிசோ மலை மாவட்டம், அவ்வளவே.

மலைச்சரிவில் காடு வெட்டி, எரித்து, புனம் விதைத்து வாழும் மக்கள் மிசோக்கள். குறிஞ்சி நிலத்துத் தினைப்புனம் பற்றிப் படித்த நமக்கு அந்த வாழ்வு முற்றிலும் புதிதன்று. அவர்களைச் சூழ்ந்து நிற்பது மூங்கிற்காடு. அந்த மூங்கில், ஏறத்தாழ நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒருசேரப் பூக்கும்; காய்க்கும்; மடியும். மூங்கிலரிசி நமக்கு அரிய பண்டம். அவர்களுக்கோ அது எமனின் ஓலை. காய்த்துக் கொட்டும் அந்த விதையைத் தின்று எலிகள் பெருகும்; விதை தீர்ந்ததும் படைபடையாகப் புனத்தில் இறங்கும்; ஓரிரவில் ஓராண்டு விளைச்சல் போய்விடும். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'மவ்தாம்' — மூங்கில் சாவு. 1911-12இல் வந்தது. மறுபடி 1959இல் வரும் என்பதை ஊர்ப் பெரியவர்கள் விரல்விட்டு எண்ணி வைத்திருந்தார்கள்.

எண்ணியதோடு நிற்கவில்லை, தோழர்களே! 1958லேயே மிசோ மாவட்ட மன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. பஞ்சம் வருகிறது, முன்கூட்டியே 15 இலட்சம் ரூபாய் தாருங்கள் என்று அசாம் அரசிடம் கேட்டது. அசாம் அரசு என்ன செய்தது? மூங்கில் பூப்பதற்கும் பஞ்சம் வருவதற்கும் என்ன தொடர்பு, இது மலைவாசிகளின் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டது. பட்டறிவு பேசியது; பட்டணத்து அறிவு சிரித்தது.

மூங்கில் பூத்தது. எலி வந்தது. நெல் போயிற்று. மக்கள் காட்டுக் கிழங்கைத் தோண்டித் தின்றார்கள். வந்த நிவாரணமோ போதவில்லை, நேரத்துக்கும் வரவில்லை. அந்தப் புண் ஆறுமுன்னே, 1960இல் அசாமி மொழியே ஆட்சிமொழி என்று சட்டம் கொண்டுவந்தார்கள். வயிற்றில் அடித்த கை, வாயையும் அடைத்தது! மொழித் திணிப்பு ஒரு மக்களின் மனத்தில் என்ன மூட்டும் என்பதைத் தமிழ் மண்ணில் நின்று விளக்கவேண்டியதில்லை.

அரசு வராத இடத்துக்கு யார் வந்தார்கள்? இளைஞர்கள் வந்தார்கள். மிசோ தேசியப் பஞ்ச முன்னணி என்ற பெயரில் அரிசி மூட்டையை முதுகில் சுமந்துகொண்டு ஊர் ஊராக ஏறினார்கள். அதன் தலைவர் லால்டெங்கா. முன்னாள் இந்தியப் படை அவில்தார். பின்னர் மாவட்ட மன்ற அலுவலகத்தில் எழுத்தர். 1961 அக்டோபரில் அந்த அமைப்பு தன் பெயரிலிருந்து ஒரே ஒரு சொல்லை நீக்கிக்கொண்டது. 'பஞ்சம்' போயிற்று, 'மிசோ தேசிய முன்னணி' நின்றது. அரிசி சுமந்த முதுகில் துப்பாக்கி ஏறிற்று.

இதே மலை மக்களில் பெரும்பாலோர்தாம் 1947இல் மிசோ யூனியனின் வழிநின்று, இந்தியாவோடு இருப்போம் என்று விரும்பி வந்தவர்கள். விரும்பி வந்தவர்களை வெறுத்து ஓடச்செய்ய டில்லிக்கும் சில்லாங்குக்கும் இருபது ஆண்டுகூடத் தேவைப்படவில்லை!

1966 பிப்ரவரி 28 இரவு, முன்னணியின் வீரர்கள் ஒரே நேரத்தில் பல இடங்களில் தாக்கினார்கள். அய்சால் கருவூலம் கொள்ளை போயிற்று. அசாம் ரைபிள்ஸ் படை தன் முகாமுக்குள் முற்றுகையிடப்பட்டது. மார்ச் 1ஆம் நாள் தனிநாடு அறிவித்தார்கள். ஆயுதமேந்தி வந்தவர்களை அரசு எதிர்த்தது குற்றமன்று. முற்றுகையிலிருந்த வீரர்களை மீட்பது எந்த அரசுக்கும் கடமை. அதை மறுப்பவன் நானல்லன். ஆனால் நடந்தது அதுமட்டுமா?

மார்ச் 5ஆம் நாள் இந்திய விமானப்படையின் போர் விமானங்கள் அய்சால்மீது பறந்தன. சுட்டன. மறுநாளும் வந்தன, தீக்குண்டுகள் வீசின. வீடுகள் எரிந்தன, கடைவீதி எரிந்தது. மக்கள் காட்டுக்கு ஓடினார்கள். கிளர்ச்சிக்காரன் எவன், கிழவி எவள் என்று மேலிருந்து விழும் குண்டு கேட்டறியுமா?

குண்டு வீசியதை ஒப்புக்கொள்ளும் துணிவாவது இருந்ததா? விமானங்கள் போனது ஆட்களையும் பொருள்களையும் இறக்குவதற்கே என்றது டில்லியின் விளக்கம். காசி மலைப் பகுதியைச் சேர்ந்த சட்டமன்ற உறுப்பினர்கள் நிக்கல்ஸ்-ராயும் ஊவர் இன்னியெவ்தாவும் நேரில் சென்று கண்டு, அசாம் சட்டமன்றத்தில் அதை எழுப்பினார்கள். பசி வருமுன் சொன்னபோது 'மூடநம்பிக்கை'. குண்டு விழுந்தபின் சொன்னபோது 'வதந்தி'! மக்களின் வாய்ச்சொல்லுக்கு ஆளவந்தார் கொடுத்த மதிப்பு இவ்வளவே.

விமானம் முடிந்தது, முகாம் தொடங்கியது. 1967 சனவரியில் முதற்கட்டமாக, சில்ச்சார்-அய்சால்-லுங்லெய் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் 106 சிற்றூர்களை வெறுமையாக்கி, மக்களை 18 முகாம்களில் கொண்டுபோய் அடைத்தார்கள். 1970க்குள் 500க்கும் மேற்பட்ட ஊர்கள் ஏறத்தாழ 110 முகாம்களாகச் சுருங்கின. ஊர்கள் கொளுத்தப்பட்டன. கிளர்ச்சிக்காரனுக்கு ஒருபிடி நெல் கிட்டிவிடக்கூடாதென்று குதிர்களும் கொளுத்தப்பட்டன. சுற்றிலும் வேலி, கையில் அடையாளச் சீட்டு, அந்தி சாய்ந்தால் ஊரடங்கு, அளந்து போடும் அரிசி. புனமோ எட்டாத தொலைவில்! எலி தின்று வந்த பஞ்சத்துக்குப் பின், அரசே ஆணையிட்டு வந்த பஞ்சம் அது.

இந்தச் சிறைகளுக்கு அவர்கள் சூட்டிய பெயரென்ன தெரியுமா? 'பாதுகாக்கப்பட்ட, முன்னேறும் சிற்றூர்கள்'! எந்தச் சட்டத்தின்கீழ்? 1962இல் சீனப் படையெடுப்பை எதிர்கொள்ள இயற்றிய இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ். பகைவனுக்காகத் தீட்டிய கத்தியைக் குடிமகனின் கழுத்தில் வைத்தார்கள். தார்சோ என்ற ஊரில் நடந்ததை, ஆட்சிப்பணியில் உயர்பதவி வகித்த விஜேந்திர சிங் ஜாஃபா, ஒரு படை அதிகாரி சொல்லக் கேட்டுப் பதிவு செய்திருக்கிறார். ஊரைக் கொளுத்தியது படை. கொளுத்தியபின், நாங்களே விரும்பி இடம்பெயர்கிறோம், நாங்களே எங்கள் வீடுகளை எரித்தோம் என்று எழுதிய தாளில் ஊர்த்தலைவரைக் கையொப்பமிடச் சொன்னார்கள். துப்பாக்கி முனையில் வாங்கிய அந்தக் கையொப்பத்துக்குப் பெயர் சம்மதம்!

இது டில்லி கண்டுபிடித்த வித்தையன்று. வெள்ளையன் விட்டுச்சென்ற பாடம். மலேயாவில் 1950 முதல் பிரிக்ஸ் திட்டம் என்ற பெயரில் ஏறத்தாழ 5 இலட்சம் பேரை, பெரும்பாலும் சீனக் குடியானவர்களை, முள்வேலிக்குள் 'புதிய கிராமங்க'ளில் குடியேற்றினான் வெள்ளையன். தோட்டத்து லயங்களில் இருந்த நம் தமிழ்த் தொழிலாளரும் காவல் வளையத்துக்குள் திரட்டி வைக்கப்பட்டார்கள். அந்த நெருக்கடி காலத்தில்தான், தொழிற்சங்கத் தலைவர் கணபதியை, துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காக, 1949 மே 4ஆம் நாள் தூக்கிலிட்டார்கள். ஏகாதிபத்தியம் அடிமை நாட்டில் ஓதிய மந்திரத்தை, விடுதலை பெற்ற நாடு தன் மக்கள்மீதே ஓதியது! அந்த மலேயாவிலும் முள்வேலியா வென்றது? 1957இல் வந்த விடுதலையன்றோ கிளர்ச்சியின் காலடி மண்ணைப் பறித்தது!

"முகாம் போட்டதால்தானே மிசோரம் அடங்கியது?" என்று கேட்பவர் உண்டு. அவருக்கு விடை சொல்வோம். முகாமுக்குள் கிடந்தவர்கள் கிழவரும் பெண்டிரும் பிள்ளைகளும். தலைவர்களோ எல்லை தாண்டிக் கிழக்குப் பாகிஸ்தானில் இருந்தார்கள். 1971இல் வங்கதேசம் பிறந்ததால் அந்தப் புகலிடம் போயிற்று, முகாமினால் அன்று. போனபின்னும் அரக்கான் காடுகளுக்குப் பெயர்ந்தார்களேயன்றிப் பணிந்தார்களில்லை. முகாம்கள் எழுந்து எட்டாண்டு கழித்து, 1975 சனவரியில், அய்சாலில் காவல்துறை அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து மூன்று உயர் அதிகாரிகளைச் சுட்டுக் கொன்றார்களே! வேலி வென்றிருந்தால் அந்தத் தோட்டா எங்கிருந்து வந்தது?

அந்தக் கொலையை நான் போற்றவில்லை. போற்றவும் கூடாது. காட்டிக்கொடுத்தான் என்று முத்திரை குத்தித் தம் இனத்தவரையே சுட்டவர்கள் அந்தக் கிளர்ச்சிக்காரர்கள். பசித்தவனுக்காக எடுத்த துப்பாக்கி, பசித்தவன் வீட்டிலேயே வரி கேட்கத் தொடங்கியபோது, அது விடுதலைக் கருவி என்ற பெயரை இழந்தது. ஒருபுறம் அரசின் வேலி, மறுபுறம் காட்டின் மிரட்டல். இடையில் நசுங்கியவன் புனத்து உழவன்.

நசுங்கிய அந்த மக்கள்தாம் வழி கண்டார்கள், தோழர்களே! இதுதான் நாம் ஊன்றிப் படிக்கவேண்டிய இடம். தேவாலயப் பெரியவர்கள் காட்டுக்கும் அரசுக்கும் நடந்தார்கள். சண்டையை நிறுத்துங்கள் என்று இருவரிடமும் இரந்தார்கள். இந்தியப் படையிலிருந்து ஓய்வுபெற்ற பிரிகேடியர் சைலோ 1974இல் மனித உரிமைக் குழு அமைத்தார். படையின் கொடுமைகளைப் படையில் இருந்தவரே பட்டியலிட்டார். மக்கள் அவரை 1978இல் முதலமைச்சராக்கினார்கள். மாணவர்கள் கடையடைப்பு நடத்தினார்கள். துப்பாக்கி ஏந்தாதவர்களின் குரல் துப்பாக்கி ஏந்திய இருதரப்பையும் மேசைக்கு இழுத்து வந்தது.

1972இல் ஒன்றியப் பகுதி என்ற தகுதி வந்தது. 1976இல் ஓர் உடன்பாடு எழுதப்பட்டு முறிந்தது. 1986 சூன் 30இல் எழுதப்பட்டது நின்றது. லால்டெங்கா தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டார். டில்லி தனி மாநிலம் தந்தது. மிசோக்களின் சமய, சமூக வழக்கங்களையும், மரபுச் சட்டத்தையும், நில உரிமையையும் அவர்தம் சட்டமன்றத்தின் ஒப்புதலின்றி நாடாளுமன்றச் சட்டம் தொடாது என்று அரசியலமைப்பிலேயே 371ஜி பிரிவு எழுதப்பட்டது. அன்றைய காங்கிரஸ் முதலமைச்சர் லால் தன்ஹாவ்லா, நேற்றைய கிளர்ச்சித் தலைவருக்காக நாற்காலியை விட்டிறங்கினார். 1987 பிப்ரவரி 20இல் மிசோரம் மாநிலமாயிற்று.

இதனால் இந்தியா இழந்தது என்ன? ஓர் அங்குல நிலமுண்டா? இல்லை! பெற்றது என்ன? குண்டுவீச்சால் பெற முடியாத ஒரு மக்களின் நம்பிக்கை. மாநில உரிமை தந்தால் நாடு சிதறும் என்று ஒப்பாரி வைப்போர் அந்த மலையை ஒருமுறை ஏறிப் பார்க்கட்டும். உரிமை மறுத்தபோது பிரிய நின்ற மக்கள், உரிமை தந்தபோது உடனிருந்தார்கள்.

கதை இன்னும் முடியவில்லை. நாற்பத்தெட்டு ஆண்டு கழிந்தது. 2007இல் மூங்கில் மறுபடி பூத்தது! அப்போது அய்சாலில் முதலமைச்சர் நாற்காலியில் இருந்தவர் யார்? லால்டெங்காவின் செயலாளராகக் காட்டில் திரிந்த சோரம்தங்கா! இம்முறை பூக்குமுன்னே திட்டம் தீட்டினார்கள். எலி வாலுக்கு விலை வைத்தது அரசு. கொன்று கொணர்ந்த ஒவ்வொரு வாலுக்கும் முதலில் ஒரு ரூபாய், பிறகு இரண்டு ரூபாய். 1958இல் 'மூடநம்பிக்கை' என்று சிரித்தார்களே, அதே எலி அரசின் கணக்கேட்டில் ஏறிற்று. ஆயினும் விளைச்சல் அழிந்தது, உழவர் துன்புற்றனர், நிவாரணத்தில் முறைகேடு என்று குற்றச்சாட்டும் எழுந்தது. மக்கள் சினங்கொண்டார்கள்.

சினங்கொண்டு என்ன செய்தார்கள்? காட்டுக்கு ஓடினார்களா? கருவூலத்தைத் தாக்கினார்களா? இல்லை. 2008 டிசம்பரில் வாக்குச்சாவடிக்கு நடந்தார்கள். முன்னணி ஆட்சியை இறக்கி, 40 இடங்களில் 32ஐக் காங்கிரசுக்குத் தந்தார்கள். சோரம்தங்காவும் துப்பாக்கியைத் தேடவில்லை, தோல்வியை ஏற்றார். பத்தாண்டு கழித்து, 2018இல், வாக்கு வாங்கியே திரும்பவும் வந்தார்.

அதே மூங்கில், அதே எலி, அதே மலை. 1959இன் பூ இருபதாண்டுப் போரைக் காய்த்தது. 2007இன் பூ ஓர் ஆட்சி மாற்றத்தோடு உதிர்ந்தது. நடுவில் மாறியது என்ன? தன் கூக்குரலைக் கேட்கவைக்கும் உரிமை அந்த மக்களின் கைக்கு வந்தது, அவ்வளவுதான் மாற்றம். அது 1958லேயே வந்திருக்கலாம். 15 இலட்சம் ரூபாயும் ஒரு நல்ல சொல்லும்தானே கேட்டார்கள்!

ஆகவே தோழர்களே, தேநீர்க் கடையிலோ இரயில் பெட்டியிலோ, "அடித்து நொறுக்கு" என்று ஒருவர் முழங்கக் கேட்டால் சினம் கொள்ளாதீர்கள். அமைதியாக மூன்று கேள்வி கேளுங்கள். துப்பாக்கி எடுக்குமுன் அந்த மக்கள் எத்தனை மனு எடுத்தார்கள்? அந்த மனுவுக்கு யார் விடை சொன்னார்கள்? குண்டு வீசியபின் கடைசியில் பேசித்தான் தீரவேண்டுமென்றால், முதலிலேயே பேசுவதற்கு என்ன தடை?

விடை சொல்ல அவர் திணறுவார். அப்போது அவரிடம் அய்சாலின் கதையைச் சொல்லுங்கள். மனுவைக் கிழித்தெறிந்த கை, இருபத்தெட்டு ஆண்டு கழித்து உடன்பாட்டில் கையெழுத்திட்ட கதையைச் சொல்லுங்கள். இடையில் எரிந்துபோன ஊர்களுக்கு மட்டும் எந்த உடன்பாடும் உயிர் தரவில்லை என்பதையும் மறவாமல் சொல்லுங்கள்.