'இப்ப நல்லாத்தானே இருக்கான்': மனநோய் மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும்?

"இப்ப நல்லாத்தானே இருக்கான், இன்னும் எதுக்கு மாத்திரை?"

நெகிரி செம்பிலானில், பகாவ், கெமாஸ் பக்கத் தோட்டங்களில் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தால் இந்தக் கேள்வி உங்கள் காதிலும் விழுந்திருக்கும். நியாயமான கேள்விதான். காய்ச்சல் விட்டதும் பனடோலை நிறுத்திவிடுகிறோமே! ஆனால் ஸ்கிசோஃப்ரினியா எனும் மனச்சிதைவு நோய் காய்ச்சல் மாதிரி இல்லை. இனிப்புநீரை நினைத்துப் பாருங்கள். ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருப்பதே மருந்து வேலை செய்வதால்தான்.

2012இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு ஒன்று, 65 சோதனைகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது 27 விழுக்காட்டினருக்கு. வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 64 விழுக்காட்டினருக்கு.

அப்படியென்றால் நிறுத்தியும் 100 பேரில் 36 பேருக்கு அந்த ஓராண்டில் நோய் திரும்பவில்லை. "எங்க மாமா நிறுத்திட்டாரு, ஒண்ணும் ஆகல" என்று ஒருவர் சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அந்த 36இல் உங்கள் அண்ணன் இருப்பாரா என்பதை முன்கூட்டியே சொல்லத்தான் ஆளில்லை.

ஏன் நிறுத்துகிறார்கள்?

சோம்பலால் அல்ல. இவ்வகையின் முதல் மருந்தான குளோர்புரோமசின் 1952இல் பாரிஸில் நோயாளிகளுக்குத் தரப்பட்ட காலத்திலிருந்தே பக்கவிளைவும் கூடவே வருகிறது. தூக்கக் கலக்கம், கை நடுக்கம், உடல் எடை கூடுவது, உட்கார முடியாத பரபரப்பு. விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், பிறகு நீளக் கம்பால் செம்பனைக் குலை வெட்ட வேண்டியவருக்குத் தூக்கக் கலக்கம் சின்ன விஷயமா? சம்பளமே போகும். இதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாறலாம், மாதம் ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. கிளினிக்குக்குப் போகவே அரை நாள் கூலியை விடுபவர்களுக்கு அந்த ஊசி பெரிய உதவி.

மருந்தால் எல்லாம் ஆகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். காதில் கேட்கும் குரலையும் சந்தேகத்தையும் அது அடக்கும். விட்டுப்போன வேலையையும் நண்பர்களையும் திருப்பித் தராது. அதற்கு வீட்டு ஆட்கள் வேண்டும், ஆலோசனை வேண்டும்.

கோயிலா, கிளினிக்கா?

"சாமி குத்தம்", "யாரோ செஞ்சு வெச்சுட்டாங்க" என்று முதலில் முனீஸ்வரர் கோயிலுக்குப் போகிற குடும்பங்களைக் கேலி செய்வதில் பயனில்லை. ஆபத்து, சிகிச்சையே இல்லாமல் போவதில்தான். தமிழ்நாட்டின் ஏர்வாடியில், தர்காவை நம்பி அழைத்து வரப்பட்டவர்களைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த தனியார் காப்பகம் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். குஜராத்தில், மீரா தாதர் தர்காவில், 2008இல் 'தவா-துவா' தொடங்கியது. மருந்தும் பிரார்த்தனையும் என்று பொருள். வழிபாட்டுக்கு வருபவரை அங்கேயே மனநல மருத்துவரும் பார்ப்பார். அந்த முறை பிறகு ஏர்வாடிக்கும் வந்தது. நம் தோட்டக் கோயில்களும் யோசிக்கலாமே.

இன்னொரு தடை, ஒரு பெயர். 1911இல் பேராக்கில் திறக்கப்பட்ட மருத்துவமனையால் 'தஞ்சோங் ரம்புத்தான்' என்ற ஊர்ப்பெயரே நம்மிடையே வசைச்சொல்லாகிவிட்டது. இன்று அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானில் தொடங்கலாம். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். அடையாள அட்டை இல்லாமல் தவிக்கும் தோட்டத்து ஆட்களுக்கு இந்தச் சலுகை எட்டாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கிளினிக்கிலிருந்து சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள்.

வீட்டில் மாத்திரையை நிறுத்தும் பேச்சு எழுந்தால், டாக்டரைக் கேட்காமல் ஒரே நாளில் நிறுத்த விடாதீர்கள். குறைப்பதென்றாலும் படிப்படியாகத்தான். ஏற்கெனவே நிறுத்திவிட்டாரா? தூக்கம் கெடுவது, தனியே பேசுவது, காரணமில்லாமல் சந்தேகப்படுவது தெரிந்தால் அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் வரை காத்திருக்க வேண்டாம். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555.