மீனுக்குக் கல்லீரல் இருக்குன்னா சாக்கடையைத் திறந்து விட்டுடலாமா?

மக்களே, ஆத்துல கலக்குற ஹார்மோன் கழிவு பத்திப் பேச்செடுத்தாலே ஒரு ரெடிமேட் பதில் வருது. "மீனுக்கும் கல்லீரல் இருக்குல்ல, அதுவே கழிச்சு வெளிய தள்ளிடும். சும்மா பீதியைக் கிளப்பாதீங்க." இதுல பாதி உண்மை. மிச்சப் பாதிதான் வில்லங்கம்.

முதல்ல உண்மை. கருத்தடை மாத்திரையில இருக்கிற எத்தினைல் எஸ்ட்ரடையால் செவுள் வழியா மீனுக்குள்ள போகுது. கல்லீரல் அதுல குளுகுரோனிக் அமிலத்தை ஒட்டவெச்சு, தண்ணியில கரையற மாதிரி ஆக்கி, பித்தத்துல தள்ளுது. அங்கேருந்து குடல், அப்புறம் வெளியே. சபாஷ்!

இப்ப வில்லங்கம். குடல்ல இருக்கிற பாக்டீரியா அந்த ஒட்டைப் பிரிச்சுட்டா, ஹார்மோன் பழைய ரூபத்துல திரும்ப உடம்புக்குள்ளயே போயிடும். தப்பிச்சு வெளிய வந்தாலும் போற இடம் அதே தண்ணி. மனுஷ உடம்பும் இதே மாதிரி ஒட்டித்தான் வெளியேத்துது. சாக்கடை பாக்டீரியா அதையும் பிரிச்சு வீரியத்தோட ஆத்துக்கு அனுப்புது. குழாய்க்குக் கீழ வாழற மீன் ஒவ்வொரு மூச்சுக்கும் புதுசா உள்ள வாங்குது. படகுல ஓட்டை, ஒருத்தன் தண்ணியை இறைச்சுக்கிட்டே இருக்கான். "அதான் இறைக்கிறானே, ஓட்டையை எதுக்கு அடைக்கணும்"னு கேட்டா எப்படி இருக்கும்?

நம்பலையா? இங்கிலாந்துல ஏர், நீன் ஆறுகள்ல சில இடங்கள்ல பிடிச்ச ஆண் ரோச் மீன் அத்தனைக்கும் இனப்பெருக்க உறுப்புல பெண் தன்மை கலந்திருந்துச்சுன்னு 1998-ல் ஆய்வு வெளிவந்தது. விந்தகத்துக்குள்ளயே முட்டை செல்!

கனடாவுல கேரன் கிட் குழு இன்னும் ஒரு படி மேல போச்சு. ஒன்டாரியோவுல ஒரு ஏரியில 2001 முதல் 2003 வரை இந்த ஹார்மோனை வேணும்னே கலந்தாங்க. லிட்டருக்கு 5, 6 நானோகிராம்தான். நானோகிராம்னா ஒரு கிராம்ல நூறு கோடியில ஒரு பங்கு. ஆண் மீன்கள் முட்டைக்கரு புரதம் சுரக்க ஆரம்பிச்சுது. ஃபேட்ஹெட் மின்னோங்கிற குட்டி மீன் கிட்டத்தட்ட அழிஞ்சே போச்சு. ஏன் சார், அந்த மீனுக்குக் கல்லீரல் இல்லையா?

கலக்கறதை நிறுத்தின சில வருஷத்துல அதே மீன் திரும்பப் பெருகிடுச்சு. அதாவது கல்லீரல் ஜெயிக்கும், நாம குழாயை அடைச்சா.

அடைக்க வழி இல்லாமலும் இல்லை. ஓசோனும் செயலூட்டிய கரியும் இதை நல்லாவே பிடிக்கும். பிரச்சனை, காசு யாரு கட்டறதுங்கிறதுதான். இந்தக் கூடுதல் சுத்திகரிப்புச் செலவுல 80 சதவீதமாவது மருந்து, அழகுசாதன கம்பெனிகள் கட்டணும்னு ஐரோப்பிய யூனியன் 2024-ல் சட்டம் போட்டுச்சு. 2025-லயே மருந்து கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயிட்டாங்க.

ஆக, லாபம் அவங்களுக்கு, கழிக்கற வேலை மட்டும் மீனுக்கு. மீனால கோர்ட்டுக்குப் போக முடியாதுங்கிற தைரியம்தானே!