‘ஜெய் பீம்’ பார்த்த பிறகு என்னைக் குத்தும் ஒரு கேள்வி

நேற்று பேரனோடு உட்கார்ந்து ‘ஜெய் பீம்’ படத்தை மறுபடியும் பார்த்தேன். 2021 நவம்பரில் வந்தபோதே பார்த்த படம்தான். அப்போது அழுதேன். இந்த முறை அழுகை வரவில்லை, தூக்கமும் வரவில்லை.

படத்தின் கதை நடந்த கதை என்பது உங்களுக்குத் தெரியும். 1993-ல் விருத்தாசலம் பக்கம் முதனை கிராமத்து ராஜாக்கண்ணுவைத் திருட்டு சந்தேகத்தில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். தப்பி ஓடிவிட்டான் என்றார்கள். ஆனால் அடித்தே கொன்றிருந்தார்கள். அவர் மனைவி பார்வதிக்காக உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டவர் வழக்கறிஞர் சந்துரு. மனித உரிமை வழக்குகளுக்கு அவர் பணம் வாங்கியதில்லை.

படத்தில் இரண்டரை மணி நேரத்தில் தீர்ப்பு வந்துவிடுகிறது. உண்மையில் வழக்கு முடிய 2006 ஆனது. 13 வருஷம்! அதே 2006-ல் சந்துருவே நீதிபதி ஆகிவிட்டார். அந்த 13 வருஷமும் பார்வதி என்ன சாப்பிட்டார், எத்தனை முறை பஸ் ஏறினார் என்று எந்தப் படத்திலும் காட்ட முடியாதுதான். இயக்குநர் ஞானவேலைக் குறை சொல்லவில்லை. ராஜாக்கண்ணு குறவர் சமூகத்தவர், படத்தில் இருளர் ஆக்கியிருக்கிறார்கள். அதில் மட்டும் எனக்கு வருத்தம் உண்டு.

படத்தில் கேரளத்து ராஜன் வழக்கு வருகிறதே, கவனித்தீர்களா? நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல், போலீஸ் பிடித்துப்போன பொறியியல் மாணவன் ராஜன். அவனுக்காகக் கோர்ட்டுக்குப் போன அப்பா ஈச்சர வாரியர் ஹிந்தி வாத்தியார். மகனின் உடல்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் அந்த வாத்தியார் போட்ட வழக்குதான் பின்னால் முதனையில் ஒரு பெண்ணுக்குக் கைகொடுத்தது.

நானும் வாத்தியார்தான். ஜவ்வாது மலையில் சமூக அறிவியல் நடத்தியவன். ‘அடிப்படை உரிமைகள்’ பாடத்தை எத்தனை முறை நடத்தியிருப்பேன்! ஐந்து மதிப்பெண் கேள்வி, நிச்சயம் வரும், அடிக்கோடு போடுங்கள் என்பேன்.

ஒருநாள் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருத்தன் ஸ்டாப் ரூம் வாசலில் வந்து நின்றான். “சார், கூலிக்குப் போன அப்பாவை ஆந்திராவுல போலீஸ் பிடிச்சிட்டாங்களாம். எங்க போய்க் கேக்கணும் சார்?”

“ஊர்ப் பெரியவங்களைக் கேளுப்பா” என்றேன். பிடித்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று 22-வது பிரிவு சொல்கிறது. அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்ட கைதான் இது. அந்த நேரத்தில் அது எனக்கு ஞாபகமே வரவில்லை. எட்டு மாதம் கழித்து அப்பா வந்து சேர்ந்தார். பையன் அதற்குள் படிப்பை விட்டுத் திருப்பூர் போய்விட்டான்.

2015 ஏப்ரல் 7-ம் தேதி சேஷாசலம் காட்டில் 20 பேரைச் சுட்டுக் கொன்ற செய்தி வந்தபோது அவன் முகம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. செத்தவர்களில் நம் மலைக்காரர்களும் இருந்தார்கள்.

‘இப்பல்லாம் எல்லாருக்கும் சட்டம் தெரியும் சார்’ என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். போன மாதம் ஜமுனாமரத்தூர் டீக்கடையில் ஏழெட்டுப் பேரிடம் கேட்டுப் பார்த்தேன். இலவச சட்ட உதவிக்கு 15100 என்று ஒரு எண் இருப்பது ஒருத்தருக்கும் தெரியவில்லை. கைது செய்தால் வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும், கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்து வேண்டும் என்று 1996-லேயே உச்ச நீதிமன்றம் டி.கே.பாசு வழக்கில் சொல்லிவிட்டது. அதுவும் மலை ஏறி வரவில்லை.

என் மாணவர்களில் மூன்று பேர் இப்போது வக்கீல்கள். பெயர் சொல்லவில்லை, உங்களுக்கே தெரியும். ஒரு சனிக்கிழமை ஒதுக்குங்கள். மனு எப்படி எழுதுவது, யாரிடம் கொடுப்பது என்று நம் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுங்கள். சாமைச் சோறும் குழம்பும் என் செலவு. என்றைக்கு என்று சொன்னால், காலையிலேயே போளூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிற்கிறேன்.