மென்பொருள் சரி, கூரைதான் பிழை

வீடு வரையும் மென்பொருள் பழகுகிற ஆக்களிடம் "எந்த இடத்தில மாட்டுப்பட்டனீங்கள்?" எண்டு கேட்டால், கூரை எண்டுதான் கனக்கப் பேர் சொல்லுவினம். அதிலும் டோமர். சுவர், கதவு, யன்னல் எல்லாம் இரண்டு நாளில் கைக்கு வந்துவிடும். டோமர் வைக்கத் தொடங்கினால்தான் கரைச்சல். அது பெரிய கூரையோடு ஒட்டாமல் அந்தரத்தில் நிற்கும். இல்லாவிட்டால் அதன் முகடு மற்றப் பக்கத்தால் கொம்பு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு வரும். இரண்டும் சரிவந்தாலும், உள்ளே போய்ப் பார்த்தால் யன்னலுக்குப் பின்னால் பழைய கூரை அப்படியே மூடிக்கொண்டு கிடக்கும். உடனே யூரியூப்பில் தேடுகிறோம், வேறு பட்டனை அமத்துகிறோம், கடைசியில் மென்பொருளைத் திட்டுகிறோம்.

எங்களுடைய கருத்து இதுதான்: இந்தப் பிழைகளில் பெரும்பாலானவை கூரைக் கணக்கின் பிழைகள். மென்பொருள் அதைக் காட்டித்தான் தருகிறது. நாங்கள் அதை வாசிக்கப் பழகவில்லை.

முதலில் டோமர் எதற்கு வந்தது என்று பார்ப்போம். சரிந்த கூரையிலிருந்து தலைநீட்டி நிற்கிற யன்னல் அது. அதற்கெனச் சின்ன முன்சுவர், இரண்டு பக்கச் சுவர்கள், மேலே ஒரு குட்டிக் கூரை இருக்கும். பெயரே பழைய பிரெஞ்சு மொழியில் படுக்கையறையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் செங்குத்தாக எழும்பிய கூரைகளுக்குள் ஓர் அறை வைக்கிற அளவுக்கு இடம் இருக்கும். அந்த அறைக்கு வெளிச்சமும், தலை இடிக்காமல் நிற்க இடமும் கொடுக்கத்தான் டோமர். செங்குத்தான கூரை இல்லாவிட்டால் டோமருக்கு வேலை குறைவு.

இனிக் கணக்கு. 20 அடி அகலமான வீடு ஒன்றை எடுங்கள். நடுவில் முகடு. அப்படியென்றால் சுவரிலிருந்து முகட்டுக்குக் கிடையாக 10 அடி. கூரையின் சரிவு 45 பாகை என்றால், சுவர் மட்டத்திலிருந்து முகடு 10 அடி உயரத்தில் இருக்கும். டோமரின் முன்சுவர் வெளிச்சுவருக்கு நேர் மேலே நிற்கிறது, அதன் முகடு அந்த மட்டத்திலிருந்து 5 அடி உயரம் என்று வைப்போம். அந்த முகடு 5 அடி பின்னுக்குப் போனதும் பெரிய கூரையில் முட்டும். பிரச்சினை இல்லை.

இப்போது சரிவை 25 பாகையாக்குங்கள். எங்கடை ஓட்டு வீடுகளில் காண்கிற சாதாரணமான சரிவு. முகட்டின் உயரம் 4 அடி 8 அங்குலத்துக்கு இறங்கிவிடும். டோமரின் முகடோ 5 அடியில் நிற்கிறது. அது பெரிய கூரையில் முட்ட வேண்டுமென்றால் ஏறக்குறைய 10¾ அடி பின்னுக்குப் போகவேணும். ஆனால் 10 அடியிலேயே முகடு வந்து கூரை மறுபக்கம் இறங்கத் தொடங்கிவிடுகிறது. கொம்பு மாதிரி வெளியே வருகிறது என்று சொன்னது இதைத்தான். எந்தப் பட்டனை அமத்தினாலும் இந்தக் கொம்பு போகாது. டோமரைப் பதிக்க வேணும், அல்லது கூரையை நிமிர்த்த வேணும்.

இன்னொரு விசயமும் இந்தக் கணக்கிலேயே இருக்கு. சுவர் மட்டத்தில் தளம் போட்டால், முகட்டுக்கு நேர் கீழேகூட 4 அடி 8 அங்குலம்தான். அங்கே ஒரு ஆள் நிமிர்ந்து நிற்க ஏலாது. பிறகு அந்த யன்னல் ஆருக்கு?

இரண்டாவது குழப்பம் அளவு முறை. அமெரிக்க மென்பொருட்கள் பல சரிவைப் பாகையில் கேட்பதில்லை. 12 அங்குலம் கிடையாகப் போனால் எத்தனை அங்குலம் ஏறும் என்று கேட்கும். 12க்கு 12 என்றால் 45 பாகை. 12க்கு 6 என்றால் 26½ பாகைக்குக் கிட்ட. 25 பாகையை மனதில் வைத்துக்கொண்டு அந்தப் பெட்டிக்குள் 25 என்று அடித்தால் கூரை 64 பாகையில் கோயில் கோபுரம் மாதிரி நிமிரும். நூற்றுவீதத்தில் கேட்கிற மென்பொருளும் உண்டு. அதில் 100 என்றால் 45 பாகை. பெரிய கூரைக்கு ஒரு முறை, டோமருக்கு வேறு முறை என்று கலந்து அடித்தால் இரண்டும் ஒருநாளும் பொருந்தாது.

இந்த இரண்டையும் சரிபார்த்த பிறகுதான் மென்பொருளுக்குள் போகவேணும். அங்கேயும் வரிசை முக்கியம். ரெவிட்டில் டோமரின் குட்டிக் கூரையைத் தனியாக வரைந்து, கூரைகளை இணைக்கிற கருவியால் பெரிய கூரையோடு சேர்த்து, சுவர்களைக் கூரையோடு பொருத்திய பிறகுதான் டோமருக்கான துளையை வெட்டவேணும். துளையின் கோடுகள் ஒன்றோடொன்று முட்டி, மூடிய ஒரு வடிவமாக இருக்காவிட்டால் அது ஏற்றுக்கொள்ளாது. ஸ்கெச்அப்பில் டோமரைக் கூரைக்குள் தள்ளிவிட்டால் மட்டும் காணாது. இரண்டு பரப்பும் சந்திக்கிற இடத்தில் கோடு விழச் செய்து, உள்ளே மிஞ்சுகிற துண்டுகளை அழிக்கவேணும். கூரையைக் குரூப் ஆக்கி வைத்திருந்தால் அந்தக் குரூப்புக்குள் நுழைந்துதான் அதைச் செய்யவேணும். வெளியே நின்று செய்தால் கூரையில் வெட்டு விழாது. தானாகக் கூரை கட்டித் தருகிற மென்பொருட்களில், கையால் திருத்திய பிறகும் அந்த வசதியைத் திறந்து வைத்திருந்தால், ஒரு சுவரை அசைத்ததும் எங்களுடைய திருத்தம் அழிந்துபோகக்கூடும். நான்கு பக்கமும் சரிகிற கூரையில் இரண்டு சரிவுகள் சேருகிற மூலைக் கோட்டுக்கு மேலே டோமரை வைக்கவும் கூடாது. ஒரு சரிவுக்குள் முழுதாக அடங்க வேணும்.

இதெல்லாம் ஒரு பின்னேரத்தில் படிக்கக்கூடிய விசயங்கள். எங்களுக்குப் பயமாக இருப்பது வேறொன்று: டோமர் ஒட்டாத இடத்தை மறைக்கிற பழக்கம். இடைவெளிக்கு மேலே ஒரு பலகையை வரைவது, கொம்பு தெரியாத பக்கத்தில் கமராவை வைப்பது, முன்னால் ஒரு மாமரத்தை நட்டுவிடுவது. படம் வடிவாக இருக்கும். வீட்டுக்காரருக்குப் பிடிக்கும். கனடாவில் இருக்கிற மகன் "எங்கடை தெருவில இப்பிடித்தான் வீடுகள், இது மாதிரிக் கட்டுங்கோ" எண்டு காசு அனுப்புவார். பிறகு அந்தப் படத்தைக் கையில் கொடுத்தால், தச்சுவேலை செய்கிற ஐயாதான் கூரையில் ஏறி நின்று எங்களுடைய பொய்யை மரத்தால் நிரப்ப வேண்டியிருக்கும்.

டோமரின் இரண்டு பக்கத்திலும் குட்டிக் கூரை பெரிய கூரையோடு சேருகிற இடம் பள்ளம். இரண்டு சரிவின் தண்ணியும் அங்கேதான் வந்து ஓடும். அந்தக் கோடு படத்தில் சரியாக விழவில்லை என்றால், ஓட்டை எந்தச் சாய்வில் வெட்டுவது, தகரத்தை எவ்வளவு அகலத்துக்கு மடிப்பது, எந்தக் கைமரத்தை வெட்டி எதில் தாங்குவது என்று ஒருவருக்கும் தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு மழை அடிக்கும்போது எல்லாம் வெளியே வரும். கடன்பட்டுக் கட்டின வீட்டில் கட்டிலை இழுத்துவிட்டு வாளி வைக்கிறது வீட்டுக்காரர். படம் கீறினவர் காசை வாங்கிக்கொண்டு எப்போதோ போயிருப்பார்.

"டோமர் எங்கடை ஊர்ச் சாமான் இல்லை, அதால எங்கடை ஆக்களுக்குத் தெரியாது" எண்டு சிலர் சொல்லுவினம். நாங்கள் அதை ஏற்கமாட்டோம். நாற்சார் வீட்டைப் பாருங்கள். நடுமுற்றத்தை நோக்கி நான்கு பக்கமும் கூரை சரிகிறது. முற்றத்தின் நான்கு மூலையிலும் இரண்டு கூரைகள் சேர்ந்து பள்ளம் உண்டாகிறது. டோமரில் வருகிற அதே பள்ளம்தான். அதை மேய்ந்தவர்களும் பீலி வைத்தவர்களும் கணினி இல்லாமலே அதைச் செய்தார்கள். அந்த அறிவு இன்னும் சில வயதான தச்சர்களிடம் இருக்கு. மென்பொருள் படிப்பிக்கிற வகுப்புகள் ஒரு நாளைக்கு அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு, கைமரம் எப்படி வெட்டுப்படுகிறது என்று காட்டச் சொன்னால், ஒரு மாதப் பட்டன் பாடத்தைவிடப் பிரயோசனமாக இருக்கும். அதற்கு உரிய காசையும் கொடுக்கவேணும்.

டோமரே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வீட்டின் அகலம், சரிவு, உயரம் இடங்கொடுத்தால் தாராளமாக வைக்கலாம். முதல் சொன்ன 20 அடி வீட்டிலேயே சரிவை 33 பாகையாக்கினால் முகடு 6½ அடிக்கு எழும்பும். 5 அடி டோமர் ஏறக்குறைய 7¾ அடியில் கூரையோடு முட்டும். ஆனால் மரச் செலவு கூடும், கூரை காற்றைக் கூடப் பிடிக்கும். அதை வீட்டுக்காரருக்குச் சொல்லித்தான் முடிவெடுக்கவேணும். தேவை வெளிச்சம் மட்டும் என்றால் நாலு கண்ணாடி ஓடு போடலாம். முகப்புச் சுவரின் முக்கோணத்தில் ஒரு யன்னல் வைக்கலாம். இரண்டுக்கும் கூரையில் புதுப் பள்ளம் தேவையில்லை.

அதனால் டோமர் ஒட்டவில்லை என்றால் மௌசை விட்டுவிட்டு ஒரு தாள் எடுங்கள். வீட்டைக் குறுக்கே வெட்டினால் எப்படித் தெரியும் என்று கீறுங்கள். அகலம், சரிவு, முகட்டின் உயரம், டோமரின் உயரம் என்று நான்கு எண்களை எழுதுங்கள். டோமரின் முகட்டிலிருந்து பின்பக்கம் நேராக ஒரு கோடு இழுங்கள். அது பெரிய கூரையில் முட்டினால் பிழை மென்பொருளில் எங்கேயோ இருக்கு, தேடலாம். முட்டாவிட்டால் வீட்டுக்காரரோடு கதைக்கவேண்டிய நேரம் அது.