‘ஈ’ என்பதா? ‘கொடு’ என்பதா?

ஒன்றைக் கேட்டுப் பெறுதற்குத் தமிழில் மூன்று சொற்கள் உள: ஈ, தா, கொடு. மூன்றும் ஒரு பொருளனபோல் தோன்றினும், கேட்போன் நிலைக்கேற்ப அவை வேறுபடும் என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வரையறுத்துள்ளார். தாழ்ந்தோன் உயர்ந்தோனை ‘ஈ’ என்பான். ஒத்தோன் ஒத்தோனைத் ‘தா’ என்பான். உயர்ந்தோன் தாழ்ந்தோனைக் ‘கொடு’ என்பான். கேட்கும் சொல்லிலேயே கேட்போன் தகுதியை அளந்துகாட்டிய இவ் வரையறையை, இன்று பேருந்துப் படிக்கட்டில் வைத்து எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

2021 மே 8ஆம் நாள் முதல், தமிழ்நாட்டரசின் குறைகட்டண நகரப் பேருந்துகளில் பெண்டிர் கட்டணமின்றிச் செல்லலாமென அரசு ஆணையிட்டது. அவ்வாண்டிலேயே திருநங்கையர்க்கும், மாற்றுத்திறனாளிகட்கும் அவர்க்குத் துணையாவார்க்கும் அவ்வுரிமை விரிந்தது. 2023இல் ‘விடியல் பயணம்’ என்னும் பெயர் இடப்பெற்றது. இத்திட்டத்தால் ஒரு பெண்ணுக்குத் திங்கள்தோறும் நிரவலாக 888 உருபா மிஞ்சுகின்றதென மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு கண்டது.

888 உருபா என்பது செல்வர்க்கு ஒருவேளை விருந்தின் விலை. வீட்டுவேலைக்குச் செல்வார்க்கும், கீரைக்கூடை சுமப்பார்க்கும், துணிக்கடையில் நாள்முழுதும் நின்று கால்கடுப்பார்க்கும் அது பிள்ளையின் பாலும் சுவடியும் மருந்துமாகும். கட்டணத்திற்கு அஞ்சி அருகிற் கிடைத்த அரைக்கூலிக்கு உடன்பட்டவர், தொலைவிலுள்ள முழுக்கூலியைத் தேடிச் செல்ல வழி பிறந்தது. தாய்வீட்டிற்குச் செல்லவும் மருத்துவமனைக்குச் செல்லவும் கணவன் கையையோ மகன் கையையோ எதிர்பார்த்து நின்ற நிலை தளர்ந்தது. காசு மிச்சமானதினும் இது பெரிது.

இத்தகைய நன்முயற்சியைச் சூழ்ந்து ஓர் இழிசொல்லும் வளர்ந்துவிட்டது. ‘ஓசி’ என்பது அச்சொல். 2022இல் அமைச்சர் ஒருவரே பொதுமேடையில் அதனைப் பெண்டிர்மேல் ஏவினார். எதிர்ப்பு எழுந்தபின் வருந்தினார். நாவில் வந்தது நெஞ்சில் இருந்ததே. தாம் கொடுப்போர், பெண்டிர் இரப்போர் என்னும் நினைப்பே அச்சொல்லின் வேர். சில நடத்துநரின் முகச்சுளிப்பும், நிறுத்தத்தில் பெண்டிர் மட்டும் நிற்கக் கண்டு நில்லாது செல்லும் சில ஓட்டுநரின் விரைவும் அவ்வேரின் கிளைகளே.

கொடுப்பவர் யாவர்? இத்திட்டத்திற்கு ஆண்டிற்கு 1,200 கோடி உருபா ஆகுமெனத் தொடக்கத்தில் அரசு மதிப்பிட்டது. அத்தொகை அமைச்சர் எவருடைய பணப்பையினின்றும் வரவில்லை. பொதுக் கருவூலத்தினின்று வந்தது. கருவூலத்தை நிரப்புவோருள் அப் பெண்டிரும் உளர். அவர் வாங்கும் தீப்பெட்டிக்கும் வழலைக்கட்டிக்கும் வரி உண்டு. பேருந்தில் அவர் பெறும் கட்டணமில்லாச் சீட்டு, ‘இவர்க்குரிய கட்டணத்தை நாடு செலுத்தும்’ என்பதற்கான கணக்குச் சான்று. ஆகவே அவர் காசின்றிச் செல்பவர் அல்லர். முன்னரே செலுத்திவிட்டுச் செல்பவர். 2023 செபுதம்பரில் தொடங்கிய மகளிர்க்கான 1,000 உருபா உதவிக்கு ‘உரிமைத்தொகை’ என்று பெயரிட அரசுக்குத் தெரிந்தது. தொகை உரிமையாயின் பயணமும் உரிமையே.

சொல்லிற்கு இத்துணை வழக்காடுவது ஏனெனச் சிலர் வினவலாம். சொல்லே நிலையை ஆக்கும். இரப்பவன் கிடைத்ததைக் கொண்டு வாய்மூடிச் செல்லவேண்டும். உரியவனோ குறைகண்டவிடத்துக் கேட்கலாம். காலைப் பேருந்து வாராதொழிந்தால், ‘காசில்லாப் பேருந்திற்கு இவ்வளவு போதாதா?’ என்று ஒருவன் வாயடைக்க, அப் பெண் ஒரு நாட்கூலியை இழந்து வீடு திரும்புகின்றாள். ‘இலவயம்’ என்னும் சொல் அவளிடமிருந்து கேட்கும் நாவையே பறித்துக்கொள்கின்றது.

கேட்கவேண்டியவையோ பல. பேருந்து வாராத சிற்றூரில் கட்டணமில்லாப் பயணம் ஏட்டுச் சுரைக்காய். நகரப் பேருந்துகளுள்ளும் ‘விரைவு’, ‘சொகுசு’ எனப் பெயர் மாற்றியோடுவனவற்றில் இவ்வுரிமை செல்லாது. குறைகட்டணப் பேருந்தின் தொகையைக் குறைத்தால், ஆணையைத் தொடாமலே உரிமையை அழித்துவிடலாம். ஊர்விட்டு ஊர் செல்லும் நெடுவழிப் பேருந்துகளில் பெண்டிர் கட்டணம் செலுத்தவே வேண்டும். 2023 சூன் 11ஆம் நாள் கருநாடகம் தொடங்கிய திட்டமோ, மாநிலத்திற்குள் ஓடும் உயர்கட்டணமல்லாத தொலைவழிப் பேருந்துகளையும் தழுவியது. அங்கு இயன்றது இங்கு இயலாதெனல் பொருந்தாது.

போக்குவரத்துக் கழகங்களுக்குரிய ஈட்டுத்தொகையும் காலத்தே முழுமையாகச் சேர்தல் வேண்டும். 2024 சனவரி 9ஆம் நாள் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஓய்வுபெற்றோரின் அகவிலைப்படியும் ஒரு வேண்டுகை. உழைத்து ஓய்ந்தவர்க்கு உரியது நிலுவையில் நிற்க, பெண்டிரை நோக்கி ‘உங்களால்தான் இழப்பு’ என்று கைகாட்டுதல் இரு தொழிற்குடிகளை மோதவிடும் சூழ்ச்சியாகும்.

தில்லியின் பங்கையும் மறத்தலாகாது. பேருந்தின் உணவு தீசல் எரிநெய். 2021 பிப்பிரவரியில் நடுவணரசு இலிட்டருக்கு விதித்த தீர்வை 31 உருபா 80 காசு. அதனுள் மாநிலங்களோடு பகிர்தற்குரிய அடிப்படைத் தீர்வை 1 உருபா 80 காசே! எஞ்சியவை மேல்வரியென்றும் கூடுதல் தீர்வையென்றும் பெயர்பூண்டு பகிர்விற்கு அப்பால் நின்றன. அவ்வாண்டு நவம்பரிலும் 2022 மேயிலும் தீர்வை குறைந்தது. பகிராத முறைமை குறையவில்லை. தமிழன் பேருந்தில் வரிகொள்ளும் கை, தமிழச்சியின் பயணத்திற்கு ஒரு காசும் நீட்டாமல், மாநிலங்கள் பொருளை வீணடிப்பதாக அறிவுரை கூறுகின்றது.

ஆதலின் தமிழ்ப்பெண்டிர் குனிந்து ஏறவேண்டா, நிமிர்ந்து ஏறுக. பேருந்து வாராவிடின் பணிமனையைக் கேட்க. நில்லாவிடின் அரசைக் கேட்க. பொருளில்லையென அரசு கூறின், அரசொடு சேர்ந்து நின்று தில்லியைக் கேட்க. மக்களாட்சியில் உயர்ந்தோர் மக்களே. ஆட்சியிலிருப்போர் அவர்தம் பணியாளர். பணியாளரிடம் ‘ஈ’ எனல் தமிழ் மரபன்று. ‘கொடு’ என்பதே முறை!