தேயிலை ஸ்டோரும் ஆங்கிலப் பரீட்சையும்

வெளிநாட்டில் உயர்கல்வி கற்க விரும்புவோர் எழுதும் ஐ.ஈ.எல்.டி.எஸ். பரீட்சையில் சில வேளைகளில் ஒரு வினா வரும். ஏதேனும் ஓர் உணவுப்பொருள் தயாராகும் முறையைப் படமாகத் தந்து, 150 சொற்களுக்குக் குறையாமல் விவரிக்கச் சொல்வார்கள். அதற்கு 20 நிமிடம் போதும் என்பது அவர்கள் கணக்கு.

லுணுகலைத் தோட்டங்களில் வளரும் பிள்ளைக்கு இது அந்நியமான விடயமா? நிறுத்த கொழுந்து ஸ்டோருக்குப் போகிறது. காற்று வீசும் நீண்ட தொட்டிகளில் 12 மணித்தியாலத்துக்கு மேல் வாடுகிறது. ரோலரில் அரைபடுகிறது. பரப்பி வைத்தால் காற்றுப் பட்டுச் செம்பு நிறமாகிறது (புளித்தல் என்கிறோம், உண்மையில் அது ஒட்சியேற்றம்). பின் சூட்டில் காய்ந்து கறுக்கிறது. சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். ஏறக்குறைய 4½ கிலோ கொழுந்துக்கு 1 கிலோ தூள்.

இடர்ப்பாடு வேறு இடத்தில் இருக்கிறது. "அம்மா கொழுந்து எடுக்கிறா" என்று பேசும் பிள்ளை, பரீட்சையில் "கொழுந்து பறிக்கப்படுகிறது" என்ற பாங்கில் எழுத வேண்டும். எடுத்தவர் வாக்கியத்தில் இருக்கமாட்டார்! இந்தச் செயப்பாட்டு வினையை நாம் வெறும் விதியாக மனனஞ் செய்விக்கிறோம். எங்கே, ஏன் அது தேவை என்று காட்டுவதில்லை. படத்தில் இல்லாததை, தெரியும் என்பதற்காக எழுதக் கூடாது என்றும் சொல்லிக் கொடுப்பதில்லை.

பங்குகளில் நடக்கும் மாலை வகுப்புகள் பிள்ளைகளை ஒருநாள் ஸ்டோருக்குக் கூட்டிச் செல்லட்டும். நிர்வாகம் தயங்கலாம், கேட்டுப் பார்ப்போம். கண்டதை முதலில் தமிழில் வரிசையாகச் சொல்லட்டும். அதைத் திருத்த வேண்டியவர் ஸ்டோரில் வேலை செய்யும் ஒருவர். எது முந்தி, எது பிந்தி என்பது அவருக்குத்தான் தெரியும். ஆங்கில ஆசிரியரின் வேலை அதற்குப் பிறகு தொடங்கட்டும்.