ஓடுற தறியில் கை வைக்கலாம்

"ஓடுற தறியில கை வைக்காதே" என்று விசைத்தறி ஊரான குமாரபாளையத்தில் யாராவது சொன்னால் நாலு பேர் தலையாட்டுவார்கள். நாடாவை அடித்துத் தள்ளும் பிக்கர் தேய்ந்தும் அதை மாற்றாமல் எத்தனை நாள் ஓட்டுவார்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது. இதே புத்திமதியைக் கல்லூரி லேப்களில் சி மொழிக்கும் சொல்கிறார்கள். சி 1989 தரத்தோடு முடிந்துவிட்டதாம். பிறகு வந்ததெல்லாம் அலங்காரமாம். பல வருஷம் நிலைத்த புராஜெக்ட் எதுவும் அதைச் சீண்டாதாம்.

சீண்டியது. அதுவும் லினக்ஸ் கெர்னல்.

1991இல் பிறந்த கெர்னல் 2022 வரை, ஜிசிசி கம்பைலரின் சொந்த நீட்டிப்புகளோடு, சி 89ஐத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. அதில் ஒரு பட்டியலைச் சுற்றிவர ஒரு மேக்ரோ உண்டு. அதற்கான பாயின்டரை லூப்புக்கு வெளியே அறிவிக்க வேண்டும். தேடியது கிடைக்காமல் லூப் முடிந்தால் அந்தப் பாயின்டர் காலியாகவும் இருக்காது, உண்மையான உறுப்பையும் காட்டாது. பட்டியலின் தலையையே ஓர் உறுப்பாக எண்ணிக் கணக்கிட்ட முகவரி அதில் உட்கார்ந்திருக்கும். பார்வைக்கு ஒழுங்கு, உள்ளே குப்பை. 2022 பிப்ரவரியில் யாகோப் கோஷெல் என்ற ஆய்வாளர் இப்படிப்பட்ட இடங்களைத் திருத்தி அனுப்பினார். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வேரைப் பிடித்தார்: அந்த மாறி லூப்புக்குள்ளேயே பிறந்து அங்கேயே மடிந்தால், இந்தத் தவற்றை எழுதவே முடியாதே! அந்த வசதி சி 99இல் வந்தது. போவதுதான் போகிறோம், சி 11க்கே போகலாம் என்றார் கெர்னல் டெவலப்பர் ஆர்ன்ட் பெர்க்மன். அந்த மே மாதம் வெளியான கெர்னல் 5.18 பதிப்பில் மாறியும் விட்டது.

புதுசு என்பதற்காகக் கெர்னல்காரர்கள் எதையும் வாரிக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஓடும்போது அளவு முடிவாகும் அர்ரேயும் சி 99 தந்ததுதான். ஸ்டாக்கைத் தின்றுவிடும் ஆபத்து என்று 2018இல், 4.20 பதிப்புக்குள், அதைத் தேடித்தேடிக் களைந்தார்கள்.

"பழைய கம்பைலர் வைத்திருப்பவன் என்ன செய்வான்?" என்பார்கள். நியாயமான கேள்வி. மைக்ரோசாஃப்ட் கம்பைலர் 2013 வரை சி 99ஐப் பெரும்பாலும் கண்டுகொள்ளவே இல்லை. கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் 'கிட்' மென்பொருள் இதற்கு வெள்ளோட்டம் விட்டது. எல்லோரும் கம்பைல் செய்தே ஆக வேண்டிய ஒரு ஃபைலில், ஒரே ஓர் இடத்தில், லூப்புக்குள் மாறியை அறிவித்தார்கள். 2021 கடைசியில் நடந்த காரியம் இது. எவர் மெஷினிலாவது உடைந்தால் அந்த ஒரு வரியைத் திருப்பினால் போதும். நெட் வழியாகத் தரவை அனுப்பவும் வாங்கவும் உதவும் 'கர்ல்' இன்றும் சி 89தான். கண்ட மெஷினிலும் ஓட வேண்டிய சரக்கு அது. யோசித்து எடுத்த முடிவோடு எனக்குச் சண்டையில்லை. யோசிக்காமலேயே நிற்பதை "ஸ்டெபிலிட்டி" என்று அழைப்பதுதான் எரிச்சல்.

நம் கல்லூரி லேப்களில் நிலைமை என்ன? நீலத்திரை டர்போ சி, கோனியோ ஹெடர், முதல் வரியிலேயே கிளியர் ஸ்கிரீன். அந்த லேப் ரெக்கார்டு நோட்டு புரோகிராமை லினக்ஸில், 2024இல் வந்த ஜிசிசி 14இல் போட்டால் கோனியோ ஹெடரே கிடைக்காது. அந்த வரியை நீக்கினாலும், அறிவிக்காத ஃபங்ஷனை அழைக்கும் இடத்தில், முன்பு வெறும் வார்னிங்கோடு விட்ட கம்பைலர் இப்போது எரர் காட்டி நிறுத்தும். பையன் கம்பைலரைத் திட்டுவான். ஜிசிசி இலவசம், லேப் மெஷின்களில் ஏற்ற ஒரு மதியம் போதும். வைவா கேள்விகளை மாற்றி எழுதத்தான் ஆளில்லை.